மூன்றாம் இடுக்கின் முன்

படகுக்குக் காற்றடைத்து முடித்த பின்னர் ஆற்றைப் பார்க்கப் போனது பிழை என்பது, பார்த்துவிட்டுத் திரும்பிவரும் வழியில்தான் திலகேஸ்வரிக்கு உறைத்தது. முறை அதுவன்று. முதலில் கரையோரமாக நடந்துபோய் மலையிடுக்கின் வாய்வரைக்கும் தண்ணீரைப் பார்த்துவர வேண்டும். போகலாமா கூடாதா என்று மனத்துக்குள் ஒரு முடிவு தங்க வேண்டும். அதன் பிறகே, சுருட்டி வைத்த படகை உதறி விரிக்க வேண்டும். யெலோநைஃப் நகரில் அவளோடு ஒரே மருத்துவமனையில் வேலைபார்த்த ஹெலன்தான் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். காற்றடித்த படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்காதே, அது நாய்க்குட்டி மாதிரி, வெளியே கூட்டிக்கொண்டு போ என்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் என்பாள் ஹெலன். இதோ நிற்கிறது. பாதி உடம்பு கூழாங்கற்களிலும் பாதி உடம்பு கரையொதுங்கிய அமைதியான நீரிலுமாக, கல்லொன்றில் கட்டிய கயிற்றை இழுத்து இழுத்து விட்டபடி, ஆரஞ்சு நிறத்தில், தன்னைத் தவிர வேறு எதுவும் ஆரஞ்சாக இல்லாத அந்த ஆர்க்டிக் வெளியில் வெட்கமே இல்லாமல் ஆடிக்கொண்டு நிற்கிறது. காலையில் கைகள் அவளைக் கேட்காமலே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டன. கூடாரத்தை மடித்தன, தூக்கப்பையைத் திணித்தன, பானையைச் சாப்பாட்டுப்பைக்குள் வைத்தன, படகின் பின்பக்கத்து ஜிப்பைத் திறந்து, கார்ச்சக்கரத்தின் டியூப் போல உள்ளீடற்றிருக்கும் அதன் இரு விலாக்களுக்குள் உடைமை அனைத்தையும் தள்ளின, ஜிப்பை மூடின, காற்றுப்பையின் வாயை அகல விரித்துக் காற்றை அள்ளி அள்ளி நெஞ்சோடு அணைத்து உள்ளே பிழிந்தன. ஒருமுறை மூடிக் காற்றடைத்துவிட்டால் இந்தப் படகுக்குள்ளிருந்து ஒரு கரண்டியைக்கூட எடுக்க முடியாது. எடுப்பதென்றால் காற்றை முழுக்க விட வேண்டும். காற்றை விட்டால் மறுபடி முழுக்க அடைக்க வேண்டும். அவள் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, இனி எழும்ப வேண்டியிருக்குமே என்ற கவலை வந்தது.

முடிவு ஒன்றும் தங்கவில்லை. ஆற்றில் மூன்று இடுக்குகள். இரண்டை அவள் கடந்துவிட்டாள். கருத்த பாறைச்சுவர்கள் இருபுறமும் செங்குத்தாக எழும்பி, வானத்தை ஒரு நாடாவாகக் குறுக்கி, ஆற்றைக் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல நெரிக்கும் அந்த இடங்களில், உள்ளே போனபின் கரையென்று ஒன்று இல்லை. போனால் மறுமுனைக்குத்தான் போகலாம். இது மூன்றாவதும் நீளமானதும். இதன் மறுமுனையில் ஒரு கூழாங்கல் வெளி; அங்கேதான் சின்ன விமானம் வந்து இறங்கும். விமானிக்கு அவசரமில்லை. வானிலை ஒத்துழைக்கும் நாளில் வருவேன், நீ இல்லாவிட்டால் அடுத்த நல்ல நாளில் திரும்பி வருவேன், எனக்கென்ன, எரிபொருளுக்குப் பணம் கட்டுவது நீ என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். ஆகவே அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துவது களைப்பு ஒன்றே. நடந்து போகலாம், போகலாந்தான். இடுக்கின் மேல்விளிம்பு வழியாக மேடேறி, பந்து பந்தாக எழும்பி நிற்கும் புல்முடிச்சுகளின்மேலே, ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் ஒரு பக்கம் சரிய, முடிச்சுகளுக்கிடையில் தேங்கிய குளிர்நீரில் பாதம் புதைய, நுளம்புக்கடிக்காக முகத்தில் மாட்டிய வலைக்குள்ளே தன் மூச்சையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டு நடக்கலாம். தோள் இருக்கும் நிலைக்குச் சுமையை ஒரே தடவையில் தூக்க முடியாது. பாதியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்து மீதியைத் தூக்க வேண்டும். ஒரு வழியை மூன்று தடவை நடக்க வேண்டும். ஆற்றில் போவதற்கோ எழும்பிப் படகில் உட்கார்ந்தால் போதும். எஞ்சிய அனைத்தையும் ஆறு பார்த்துக்கொள்ளும். இந்த எண்ணம் எவ்வளவு இதமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பொல்லாதது என்று அவளுக்குத் தெரிந்தது. தைரியத்தினால் இந்த இடுக்குக்குள் போகிறவர்கள் திரும்பி வந்திருக்கக்கூடும். நடக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் போகிறவர்கள்? அப்படியும் ஒருத்தர் சாவாரா? சாகலாம். ஏன் சாகக்கூடாது? அவளுடைய வேலையில் அவள் கண்ட எலும்பு முறிவுகளில் பாதி, ஏணியை எடுத்துவரப் பஞ்சிப்பட்டுக் கதிரையில் ஏறியவர்களுடையவை.

கல் தெரிந்தால் போ, மறைந்தால் நட, அதற்கு மேல் யோசிக்காதே. இதுவும் ஹெலன் சொன்னது. இடுக்கின் வாயில், இடதுபக்கமாக, பாண் ரொட்டித் துண்டைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கல். ஹெலன் இந்த ஆற்றில் இரண்டு தடவை இறங்கியவள். இரண்டு தடவையும் கல் தெரிந்தது. இரண்டு தடவையும் ஆற்றின் தலையிலிருந்து கால்வரை தண்ணீர்வழியே போனவள், ஓரிடத்திலும் படகைத் தோளில் தூக்கியதில்லை. இன்றைக்குக் கல் தெரியவும் தெரிந்தது, மறையவும் மறைந்தது. மேலே மலைகளில் மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் வழுவழுவென்று கல்லின் மேலேறி, கண்ணாடி போல வளைந்து, அப்பால் வெள்ளையாகச் சுருண்டு விழும். பின்பு என்ன நினைத்தோ சற்றுத் தாழும். கல்லின் கரிய நெற்றி வெளியே வரும். வந்தது நிச்சயந்தானா என்று அவள் கண்ணைக் கூர்ப்பாக்குவதற்குள் மறுபடி மூழ்கும். அவள் அங்கே நெடுநேரம் நின்றாள். தெரிகிறது, மறைகிறது. தெரிவது அதிக நேரமா, மறைவது அதிக நேரமா என்று பார்க்கத் தொடங்கி, மனத்துக்குள் தெரிவதன் பக்கமே அவள் கள்ளத்தராசு பிடிப்பதைக் கண்டுபிடித்து, வெறுத்து, திரும்பிவிட்டாள். இப்போது கரையில் உட்கார்ந்திருக்கையில் அது கண்ணுக்குள் தெரிந்து மறைகிறது. இரைச்சல் மட்டும் மறையாமல் ஒரே சீராக வருகிறது. தூரத்தில் ஒரு புகையிரதம் வந்துகொண்டேயிருந்து ஒருபோதும் வந்து சேராதது போன்ற இரைச்சல்.

இடது தோள் தனியாக ஒரு பிராணி போல அவளோடு உட்கார்ந்திருந்தது. முதல் இடுக்குக்கும் இரண்டாம் இடுக்குக்கும் இடையில், ஆழமில்லாத தண்ணீரில், பாறைகளுக்கு மேலே படகை இழுக்கும்போது காலிடறி, கயிற்றைக் கைவிடாமல் விழுந்த விழுகை. கைவிட்டிருக்கலாம். கைவிட்டிருந்தால் படகு போயிருக்கும், சாப்பாடும் கூடாரமும் சேர்ந்து போயிருக்கும். எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார்தான் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடமாகப் பிறர் எலும்புகளை எக்ஸ்ரே படம்பிடித்தவளுக்குத் தன் தோளைப் படமில்லாமலே பார்க்கத் தெரியும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறமாக அந்த உருண்டையும் அது பொருந்தும் கிண்ணமும். மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, அசையாதேங்கோ, இப்ப விடுங்கோ. எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள், ஆங்கிலத்தில், பிரெஞ்சில், அந்த நிலத்துப் பழங்குடி முதியவர்களிடம் சைகையால். மூச்சைப் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான், கண்ணை அகல விழித்துக்கொண்டு, யாரோ தம்மை நம்பி ஒன்றைக் கொடுத்துவிட்டது போல. ஹெலனின் முழங்காலைப் படம்பிடித்தவளும் அவளே. இருவருமாக இந்த ஆற்றுக்குப் போவதென்று ஒரு பனிக்காலம் முழுவதும் திட்டமிட்டு, விமானத்துக்கும் சொல்லிவைத்து, கடைசியில் ஹெலன் தன் வீட்டு வாசற்பனியில் வழுக்கினாள். முகத்தை மாற்றாதே, படத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியும் என்றாள் ஹெலன், மேசையில் படுத்தபடி. பிறகு, நீ தனியாகப் போகப்போகிறாய், அப்படித்தானே, உன் முகத்தில் எழுதியிருக்கிறது என்றாள். நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்றாள் இவள். யோசிக்கவில்லையாம். அடுத்த பனிக்காலத்துக்கு இவள் யெலோநைஃபில் இருக்கமாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு வாங்கியாயிற்று. இலையுதிர்காலத்தில் தெற்கே ஸ்காபரோ நகருக்கு, தங்கை நளாயினியின் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போவதாக முடிவாகிவிட்டது. சுவருக்கு என்ன நிறம் அடிக்கிறது என்று தங்கை கேட்டும்விட்டாள். வெள்ளை என்று சொல்லியிருந்தாள். வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரியெல்லோ இருக்கும் என்றதற்கு, எனக்கு அதுதான் பழக்கம் என்றாள்.

தனியாகப் போவதைத் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்ன அன்று, முதலில் பேசியவன் தங்கையின் கணவன் பாஸ்கரன். அவனுக்கு எதையும் நேரே கேட்கத் தெரியாது. "மச்சாள், ஒரு சின்னக் கேள்வி. நாங்கள் தண்ணிக்கும் துவக்குச் சூட்டுக்கும் பயந்து ஓடிவந்த சனம். நீங்கள் காசு குடுத்து, ஆள் இல்லாத இடமாப் பாத்துப்போய்த் தண்ணிக்குள்ள இறங்குறீங்கள். இது என்ன, நேர்த்திக்கடனோ?" என்றான். "நேர்த்திக்கடன் எண்டால் உங்களையும் கூட்டிக்கொண்டெல்லோ போயிருப்பன். பலி குடுக்க ஒரு ஆள் வேணுமே," என்றாள் இவள். பின்னால் ஒரு சிரிப்பு, ஒரு பறிப்பு, பிறகு நளாயினியின் குரல். "அவரோட என்ன கதை உனக்கு. ஹெலனோட போறதெண்டால் போ. தனியப் போறதெண்டால் நான் அம்மாட்டச் சொல்லிப்போடுவன்." "சொல்லு. எனக்கு அறுபது வயசாகப் போகுது." "அதைத்தான் நானும் சொல்லுறன், உனக்கு அறுபது வயசாகப் போகுது." ஒவ்வொரு நாளும் கூடாரம் அடித்த பிறகு, சாட்டிலைட் கருவியில் ஒரு வரி அனுப்ப வேண்டும் என்பது நளாயினி விதித்த நிபந்தனை. அனுப்பினாள். சுகம். சாப்பிட்டன். நுளம்பு. தங்கையின் மறுமொழி அதன் பின்னரே வரும், கவனம், நாளைக்கும் எழுது என்று. பகலில் ஒருபோதும் எழுதமாட்டாள். பகலில் நீ துடுப்புப் போடேக்க நான் உன்ர கவனத்தைக் குலைச்சனெண்டு இருக்கக்கூடாது என்பது அவள் தனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. பாஸ்கரனுடைய கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. அதை அவனுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. ஊரில் போர் நடந்தபோது கிளாலிக் கடலேரியைக் கடந்த வள்ளத்தில், கும்மிருட்டில், ஒருவர் முழங்காலில் ஒருவர் முதுகு முட்ட அவர்கள் இருந்தார்கள். அம்மாவின் மடியில் தையல் மெஷினின் தலை, சேலையில் சுற்றியபடி. ஓட்டி சொன்னது ஒன்றே, ஒருத்தரும் அசையப்படாது. அவள் அசையவில்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பயத்தைவிடப் பெரிதாக இருந்தது அதுவே, தன் கைகளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது. பல வருடங்களுக்குப் பின் ஹெலன் ஒரு குளத்தில் அவளைச் சின்னப் படகில் இருத்தித் துடுப்பைக் கையில் கொடுத்தாள்; திரும்பு என்றால் படகு திரும்பியபோது, அவள் அழுதாள். ஹெலன் குளிரினால் என்று நினைத்தாள்.

அப்போதுதான் படகு சிணுங்கிற்று. முதலில் பறவை என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள், கற்களும் தண்ணீருமன்றி ஒன்றுமில்லை. பின்பு அவளுடைய கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியில் கருவி எப்போதும் தொங்கும் இடத்துக்கு. அங்கே கொளுவி மட்டும் இருந்தது. கருவி நெஞ்சில் இருக்க வேண்டும், தூங்கும்போது தவிர, தூங்கும்போதும் கைக்கெட்டும் தூரத்தில். ஆற்றில் கவிழ்ந்து படகு ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் போனால் உன்னோடு இருக்கப்போவது நெஞ்சில் இருப்பது மட்டுந்தான் என்று ஹெலன் விரலால் குத்திக் குத்திச் சொல்லியிருந்தாள். நேற்று வரியை அனுப்பிவிட்டுப் பானைக்குள் வைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. பானை சாப்பாட்டுப்பைக்குள். சாப்பாட்டுப்பை படகின் விலாவுக்குள். விலாவுக்குள் அவள் நெஞ்சோடு அணைத்துப் பிழிந்த காற்று. அந்தக் காற்றுக்குள்ளிருந்து தங்கை கூப்பிட்டுவிட்டாள்; அந்தக் கருவிக்கு எழுதுகிறவள் அவள் மட்டுந்தான். ஒரு செய்தி வந்திருக்கிறது. பகலில் வந்திருக்கிறது. பகலில் எழுதமாட்டாளே. அம்மா. முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் போன மாதம் மூச்சு இழுத்தது. இரண்டு நாளில் சரியாகி, தாதிமாரைத் தமிழில் ஏசத் தொடங்கிவிட்டாள் என்று தங்கை சிரித்துக்கொண்டு சொன்னாள். அம்மா இல்லையென்றால் வேறு என்ன? விமானமாக இருக்கலாம், வானிலையாக இருக்கலாம், தங்கை ஏன் வானிலையை எழுதப்போகிறாள்? அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். இருந்தால் என்ன செய்வாய்? இடுக்குக்கு இந்தப் பக்கத்திலிருந்து என்ன செய்வாய்? விமானம் அந்தப் பக்கத்தில் இறங்கும். அந்தப் பக்கத்துக்கு விரைவாகப் போக ஆறுதான் வழி. ஆகவே படிக்காமலே ஆற்றில் இறங்குவது நியாயம். இறங்கி, மறுமுனையில் காற்றை விட்டு, ஆறுதலாகப் படிக்கலாம். இதோ, இப்போது ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. தாயின் சாவை நடக்கப் பஞ்சிப்பட்ட கால்களுக்கு ஊன்றுகோலாக்கிய மகள். அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அருவருப்பும் களைப்பாகவே இருந்தது.

எழும்பினாள். எழும்பியது படகுக்குப் போவதற்கா, வால்வைத் திறப்பதற்கா என்று எழும்பும்போது அவளுக்குத் தெரியாது. ஹெல்மெட்டின் பட்டியை இறுக்கினாள். படகு குளிர்ந்த நீரில் கிடந்து சற்றுத் தொய்ந்திருந்தது. வெயிலில் அடைத்த காற்று தண்ணீர் பட்டால் சுருங்கும், வாய்வைத்து ஊதி இறுக்க வேண்டும். குனிந்து ஊதினாள். அவளுடைய மூச்சு அம்மாவின் செய்தி இருந்த இடத்துக்குள் போயிற்று. கயிற்றை அவிழ்த்தாள். உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி, மடியின்மேல் தண்ணீர்த்தடுப்புத் துணியை இழுத்து மாட்டினாள். துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு வலக்கையால் கரைக்கல்லைப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் போதும். ஒதுங்கிய நீர் அவளை மெல்லச் சுற்றிக்கொண்டுபோய் விளிம்பில் விடும்; விளிம்புக்கு அப்பால் ஆறு தோளைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்; ஒரு வளைவு, பாண்கல், அதன் பிறகு சுவர்கள். இடக்கையை நீட்டிப் பார்த்தாள். தோளின் உயரத்துக்கு மேலே போகவில்லை. இடப்பக்கம் கல்லிருக்கிறது, கல்லைவிட்டு விலகுவதற்கு அந்தக் கை வேண்டும், எட்டிப் போட்டு இழுக்க வேண்டும். வலக்கையால் செய்யலாம், முன்கூட்டியே கோணத்தை எடுத்துக்கொண்டால். முன்கூட்டி என்றால் எங்கே? அவளால் அந்த வளைவை மனத்தில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. பாதிவரை ஓடும், கல் வரும், அதோடு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விரல்கள் கல்லில் மரத்துக்கொண்டு வந்தன. மரத்துப்போனால் தாமாக விட்டுவிடும், அவள் முடிவெடுக்க வேண்டியதேயில்லை. அது எவ்வளவு நல்லது. அப்போது இரண்டாவது தடவையாகச் சிணுங்கியது. இம்முறை தொடைக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்திருந்த காற்றுக்குள்ளேயே, எலும்பில் கேட்டது போல. இரண்டு செய்திகள். ஒன்றுக்கு மறுமொழி இல்லாததால் இரண்டாவது. நளாயினி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே நிற்கிறாள்? வைத்தியசாலை நடையிலா? இல்லத்தின் வாசலிலா? பாஸ்கரன் கார் நிறுத்தப் போயிருப்பான். சரியான இடத்தில் நிறுத்தமாட்டான், அவனுக்கு ஒருநாளும் இடம் கிடையாது. எழுதினவளுக்குத் தெரியாதே, தன் சத்தம் ஒரு படகின் வயிற்றுக்குள் கிடக்கிறதென்று. அக்கா பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள் என்றல்லவா நினைப்பாள். தெரிந்துகொள்ளாமல் செத்துப்போவது ஒன்று. தங்கை அங்கே மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிற்க, மறுமுனையில் நான் தண்ணீருக்கடியில் கிடப்பது, கருவி சிணுங்கிக்கொண்டே படகோடு மிதந்து போவது, அது வேறு. மூன்றாவது தடவை சிணுங்கியபோது அவள் மடித்துணியின் வாரைப் பிடித்து இழுத்தாள்.

படிக்கத்தான் இறங்குகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். படித்துவிட்டுத் திரும்பக் காற்றடைக்கலாம், யார் வேண்டாமென்றார்கள். படகைக் கரைக்கு இழுத்து வால்வைத் திருகினாள். காற்று ஒரு நீண்ட பெருமூச்சாக வெளியே வந்தது. சற்று வெதுவெதுப்பாக, ரப்பரும் பால்மாவும் கலந்த வாசத்தோடு. முழங்காலால் அமர்த்தி அமர்த்தி அதை விரைவாக வெளியேற்றினாள். விலாக்கள் சுருங்கி மடிந்தன. ஜிப்பைத் திறக்க மரத்த விரல்கள் மறுத்தன, பல்லால் இழுத்தாள். கூடாரம், தூக்கப்பை, ஈரக் காலுறை, சாப்பாட்டுப்பை, பானை. கருவியின் பச்சை விளக்கு நிதானமாக மின்னியது. படிக்கும் கண்ணாடி உறைபையில் இல்லை, கழுத்திலேயே தொங்கியது. ஆங்கில எழுத்துகளில் எழுதிய தமிழ், நளாயினி வழக்கமாக எழுதும் விதத்திலேயே. முதலாவது: "அக்கா கூழுக்குப் புளி எவ்வளவு கரைக்கிறது. இவர் பெரிய உருண்டை எண்டுறார். கெதியாச் சொல்லு, அடுப்பில கொதிக்குது." இரண்டாவது: "எங்க போனனீ. இவர் புளியை விட்டிட்டார்." மூன்றாவது: "வாயில வைக்கேலாது. அம்மாவைக் கூட்டிவந்து இருத்தியிருக்கிறம். புளிப்பில நண்டு இரண்டாந்தரம் செத்துப்போச்சாம், கதிரையில இருந்து பேசுறா."

அவள் மூன்றையும் திரும்ப வாசித்தாள். ஒடியற்கூழ், பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சுவது. ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே அவளுக்கு நினைவில்லை. இங்கே கிழமைகள் இல்லாமற்போய் எவ்வளவு நாளாயிற்று. அங்கே வீட்டுப் பின்வளவில் பெரிய பானை, பாஸ்கரனின் அரைக்காற்சட்டை, அகப்பையைக் கொடுக்காமல் அவன் அடம்பிடிப்பது, அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவனை நோக்கி நீட்டுவது. பகலில் எழுதக்கூடாது என்ற நிபந்தனையைப் புளி உடைத்துவிட்டது. சிரிப்பு வந்தது; சிரித்தபோது தோளில் குத்தியது; குத்தியதில் கண்ணில் நீர் வந்தது; வந்த நீர் சிரிப்போடு நிற்காமல் கொஞ்சநேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் களைத்தது. அவள் படகைப் பார்த்தாள். காற்றில்லாத படகு, நனைந்த மழைச்சட்டையை யாரோ கழற்றி எறிந்தது போலக் கற்களில் ஒட்டிக்கிடந்தது. காற்றுப்பையைக் கையில் எடுத்தாள். எடுத்து வாயை விரித்தாள். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி, காற்றை அள்ளி, மூடி, அணைத்துப் பிழிந்து, மறுபடி உயர்த்தி. காலையில் இதே தோளோடு இதைச் செய்திருக்கிறாள். எப்படிச் செய்தாள் என்று இப்போது விளங்கவில்லை. ஒரு தடவை அள்ளினாள். கை பாதியில் நின்றது. பை உப்பிய தலையணை போல அவள் மடியில் சரிந்து, மெல்ல மெல்லத் தன் காற்றைத் தானே விட்டது. அவ்வளவுதான். இவ்வளவு நேரம் அவளைப் பிடரியில் கைவைத்து ஆற்றை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்த களைப்பு, அலுவலகத்தில் மேசை மாறி உட்காரும் எழுதுவினைஞர் போல, சத்தம்போடாமல் மற்றப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊத முடியாது, ஆகவே நடக்கலாம். இதில் புத்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல் தெரிகிறதா மறைகிறதா என்று அவள் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஹெலன் கேட்டால் அவளுக்கு என்ன சொல்வது? கல்லைப் பார்த்தேன், நடந்தேன் என்று சொல்லலாம். அது பொய்யாகாது. உண்மையும் ஆகாது.

கருவியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடி எழுதினாள். "மரவள்ளிக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வெட்டிப் போடு. ஒடியல் மாவும் கரைச்சு விடு. புளியை இழுக்கும். அவரிட்ட அகப்பையைக் குடாதை. நான் மேல ஏறி நடக்கப்போறன், பிந்தும்." அனுப்பிவிட்டுக் கருவியைக் கொளுவியில் மாட்டினாள். கூடாரத்தையும் தூக்கப்பையையும் முதுகுப்பைக்குள் திணித்து, சுருட்டிய படகை அதன்மேல் வைத்துக் கட்டினாள். சாப்பாட்டையும் துடுப்பையும் மற்றவற்றையும், காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி கற்களை ஏற்றி, திரும்பிவந்து தூக்க விட்டாள். பையை ஒரு பாறையின்மேல் வைத்து, பாறைக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, வலத்தோளை முதலில் நுழைத்து, இடத்தோளை ஒரு குழந்தையின் கையைச் சட்டைக்குள் விடுவது போல மெல்ல விட்டு, முழங்கால்களில் நிமிர்ந்தாள். மேட்டின் முதல் புல்முடிச்சு அவள் நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. இரண்டாவதும் சரிந்தது. நெஞ்சில் சிணுங்கியது, நின்று பார்த்தாள். "நடக்கிறதோ? பிறகென்னத்துக்குப் படகு?" இது நளாயினியின் விரல் அன்று, பாஸ்கரன் பறித்து எழுதியிருக்கிறான். கருவியைத் திரும்பக் கொளுவியில் விட்டு நடந்தாள். நுளம்புகள் வலையின்மேல் மழை தூறுவது போல விழுந்தன. பாசியிலும் குறும்பழச் செடிகளிலும் கால் மாறிமாறிப் புதைந்தது. மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொரு தடவையும் எழும்பத் தேவையில்லை என்பது ஒரு சலுகையாக இருந்தது, நின்றுகொண்டே இளைப்பாறினாள். ஏற ஏற இரைச்சல் வலப்பக்கத்துக்கு வந்து, பின்பு காலடிக்குக் கீழே இறங்கி, ஆழத்திலிருந்து வந்தது. மேல்விளிம்பு சில அடி தூரத்தில் இருந்தது. அங்கே போய்க் கழுத்தை நீட்டினால் இடுக்கின் உள்ளே முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். வளைவுக்கு அப்பால், கரையிலிருந்து தெரியாத அந்தப் பகுதியை, சுவருக்குச் சுவர் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை. பார்த்தால் போயிருக்கலாம் என்று தெரியவரும், அல்லது போயிருந்தால் முடிந்திருக்கும் என்று தெரியவரும். இரண்டில் எது தெரிந்தாலும் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், மூன்று நடைக்கும். அவள் விளிம்பின் பக்கம் திரும்பவில்லை. இடக்கைப் பட்டியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, அடுத்த முடிச்சு எந்தப் பக்கம் சரியும் என்று பார்த்து, கால் வைத்தாள்.